நகரும் எதிர்த்திணிவு

மனித குலத்தின் நாகரிகம், கையாற் செய்த வேலையைக் கருவியிடம் ஒப்படைத்த அந்த முதற் கணத்திலேயே தொடங்குகிறது. அந்த நெடும் பயணத்தின் உச்சியில் இன்று ரோபோ நிற்கிறது.

இந்த வாக்கியம் கோப்பாய் ஏரம்பு குகதாசனின் முதுதத்துவமாணி (எம்.பில்.) ஆய்வேட்டின் முதற் பக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இன்னும் கம்பீரமாக இருக்கும். 1990இல் பதிவு செய்தவன் 1993 ஆவணி வரைக்கும் எழுதி முடித்திருந்தது அந்த ஒரு பக்கத்தைத்தான். அதையும் ஆறு தடவை தட்டச்சுச் செய்திருந்தான். யுத்தமும் பொருளாதாரத் தடையுமாக யாழ்ப்பாணத்தில் வெள்ளைத்தாளும் கிடைக்காத காலமாதலால் கடைசி இரண்டு தடவையும் கோடு போட்ட கொப்பித் தாளில்.

குகதாசனுக்குப் பொறியியற் பீடம் இரண்டு புள்ளிகளால் தவறிப்போனது. அதை அவன் மறக்கவில்லை. அவனுடைய தாய் செல்வநாயகி மறக்க விடவுமில்லை. பௌதிகவியல் படித்து முதல் வகுப்பில் சித்தியடைந்த பிறகு, ஊரிலுள்ள பொறியியலாளர் எல்லாரும் கேட்டு வாயடைத்துப்போகிற ஒன்றைப் படித்துப் பழிதீர்ப்பது என்று முடிவெடுத்தான். அப்படித்தான் ரோபோட்டிக்ஸ் கோப்பாய்க்கு வந்தது.

படிப்பதற்கு ஒரு புத்தகம் இருந்தது. யாரோ லண்டனில் எடுத்த போட்டோப் பிரதியின் போட்டோப் பிரதி. நூற்றுப் பதினோராம் பக்கத்தின் அடியில், 'இந்தச் சிக்கலைப் பின்வரும் மிக எளிய முறையால் தீர்க்கலாம்' என்று இருந்தது. அடுத்த பக்கம் நூற்று இருபத்தொன்பது. கணினியும் ஒன்று இருந்தது. பல்கலைக்கழகத்தில், பூப்போட்ட துணியால் மூடி, சரசுவதி பூசைக்குச் சந்தனப் பொட்டு வைக்கப்பட்டு இருந்தது. மின்சாரம் போய் மூன்று வருடம். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் கிடைக்கும் நாட்களில் அது தேர்வுப் பெறுபேறு அடிக்கவே போதாது. ஆகவே குகதாசன் தன் கணக்குகளை வெயிலில் ஓடுகிற கல்குலேற்றரில், முற்றத்தில் நின்று செய்தான். மேகம் ஒன்று கடந்தால் அரை மணித்தியாலக் கணக்கு அழிந்துவிடும். மழைக்காலத்தில் அவன் ஆய்வு செய்யவில்லை.

மேற்பார்வையாளர் கலாநிதி தியாகராசா ரோபோவைக் கண்ணால் கண்டவர். 1978இல் இங்கிலாந்தின் பேமிங்காமில், ஒரு கார்த் தொழிற்சாலையின் மேல்மாடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் நின்று பதினொரு நிமிடம் பார்த்திருந்தார். அந்தப் பதினொரு நிமிடத்தை வைத்துப் பதினைந்து வருடமாக விரிவுரை செய்துவந்தார்.

"நான் பேமிங்காமிலை நிக்கேக்கை," என்று தொடங்குவார், "அது இப்பிடித் திரும்பிச்சுது." கையை மடக்கித் திருப்பிக் காட்டுவார். "பிறகு இப்பிடி."

"அதைக் கட்டுப்படுத்தினது என்ன முறை சேர்?"

"கண்ணாடி தம்பி. உள்ளுக்கை விடேல்லை."

குகதாசன் எடுத்துக்கொண்ட தலைப்பு, நகரும் எதிர்த்திணிவினால் ஓர் இயந்திரக் கரத்தைத் தானாகச் சமநிலைப்படுத்துதல். கரத்தின் ஒரு முனையில் சுமை. அதைத் தூக்கவும் இறக்கவும் மறு பக்கத்தில் ஒரு பாரம் முன்னும் பின்னும் ஓடவேண்டும். படத்தில் மிக அழகாக ஓடியது; கணக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் முனையருகில் வெடித்துச் சிதறியது. "செய்து காட்டாமல் கையெழுத்து இல்லை," என்று தியாகராசா சொல்லிவிட்டார். தொடர்ச்சியாக இருபது தடவை சுமை தூக்கி இறக்கிய அளவீடுகள் அவருக்கு வேண்டும்.

இது இப்படியிருக்க, வீட்டில் தகப்பன் ஏரம்புவுக்கு வேறு பிரச்சினை. அவருடைய தண்ணீர்ப் பம்பி மண்ணெண்ணெயைக் காணாமல் கொட்டிலுக்குள் கிடந்தது. அவர் பழைய பனைமரத் துலாவைக் கிணற்றடியில் திரும்ப ஏற்றியிருந்தார். துலாவின் ஒரு முனையில் தண்ணீர் அள்ளும் பட்டை தொங்கும். மரத்தின்மேல் ஓர் ஆள் ஏறி, கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை இறங்கும், பின்னுக்கு நடந்தால் தண்ணீரோடு ஏறும். கீழே நின்று பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவது ஏரம்பு. மேலே நடப்பது கூலிக்கு வரும் சின்னத்துரை. தோட்டத்தில் ஆயிரம் கண்டு நடக்கூடிய நிலம் முழுக்க வெங்காயம்.

ஒருநாள் சின்னத்துரை வரவில்லை.

"தம்பி, அவனுக்குக் காய்ச்சலாம். ஒரு அரை மணித்தியாலம் துலாவிலை ஏறன்," என்றார் ஏரம்பு.

"எனக்கு ஆய்வு இருக்கு அப்பா."

"என்ன ஆய்வு?"

"நகருற பாரத்தாலை ஒரு கரத்தைச் சமநிலைப்படுத்துறது."

ஏரம்பு சால்வையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப சின்னத்துரை செய்யிறது என்ன?"

முதுநிலை மாணவன் ஒருவன் ஊர் பார்க்கத் துலாவில் நடப்பதென்பது நடக்கக்கூடிய காரியம் அல்ல. ஆனால் தகப்பனின் கேள்வி அவனை உண்மையாகவே உலுப்பிவிட்டது. மூன்று வருடமாகத் தேடிய கரம் கிணற்றடியில் நிற்கிறது. சின்னத்துரையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தானாக ஓடும் ஒரு பெட்டியைப் பூட்டினால் அதுதான் ரோபோ. தான் துலாவில் ஏறவேண்டிய அவசியமும் என்றைக்குமாகத் தீர்ந்துவிடும். இரண்டாவது காரணத்தை அவன் ஆய்வேட்டில் எழுதவில்லை.

ஒரு மாதம் வேலை செய்தான். துலாவின்மேல் இரண்டு தண்டவாளம். அதில் நாலு சைக்கிள் பெயாரிங்கில் ஓடும் மரப்பெட்டி, பெட்டிக்குள் மணல். இழுப்பதற்கு, கைவிட்ட கார் ஒன்றிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டரும் சைக்கிள் சங்கிலியும். துலா சரிகிற அளவை அறிய, காய்ச்சல் அளக்கும் உடைந்த கண்ணாடிக் குழாயிலிருந்து எடுத்த பாதரசம். இவற்றையெல்லாம் ஆளும் மூளை ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் இருந்தது. மின்சாரத்துக்குக் கார்ப் பற்றறி. அதற்கு மின்னேற்ற, நிறுத்திவைத்த சைக்கிளில் இரண்டு டைனமோ. சைக்கிளை மிதிப்பது குகதாசன்.

ஒன்பது நாள் மிதித்தால் பற்றறி நிறையும். நிறைந்த பற்றறி இருபத்திரண்டு பட்டை தண்ணீர் இறைக்கும்.

அவனுடைய தங்கை பாலேஸ்வரி ஆறாம் நாள் வாசலில் நின்று பார்த்தாள். அவன் வியர்வையில் குளித்திருந்தான்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே?"

"கேக்காதை."

"உந்தச் சைக்கிளை மிதிக்கிற நேரம் துலாவை மிதிச்சிருந்தால் வெங்காயம் எப்பவோ நனைஞ்சிருக்கும்."

"இது வெங்காயத்துக்கில்லை. இது தத்துவம்."

"ஓம், தத்துவம் நல்லாத்தான் வேர்க்குது."

நேரமும் நெருக்கியது. பதிவு இரண்டு முறை நீடிக்கப்பட்டு, புரட்டாதி முப்பதோடு காலாவதியாகவிருந்தது. அதற்குமேல் நீடிப்பு இல்லை. தியாகராசாவுக்கு அவுஸ்திரேலியாவில் ஒரு வருட விடுமுறை ஆராய்ச்சி கிடைத்து, பயண அனுமதியும் வந்துவிட்டது. ஐப்பசி முதல் வாரம் கிளாலியில் வள்ளமேறிக் கடல் கடந்து போகிறார். அவர் போனால் ரோபோட்டிக்ஸில் கையெழுத்து வைக்க வடக்கில் வேறு ஆளில்லை. இருபத்துநாலாந் திகதி வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். இருபது பட்டை. அது முடிந்தால் குகதாசன் முதுதத்துவமாணி. முடியாவிட்டால், மூன்று வருடம் முற்றத்தில் நின்று கறுத்தவன்.

இவ்வளவும் குகதாசனுக்கும் தியாகராசாவுக்கும் இடையிலேயே முடிந்திருக்கும், சனசமூக நிலையத் தலைவர் நடராசா கேள்விப்படாமல் இருந்திருந்தால். நடராசா ஓய்வுபெறாத ஸ்டேசன் மாஸ்டர். ரயில்தான் ஓய்வுபெற்றிருந்தது. மூன்று வருடமாக அவரிடம் பச்சைக்கொடி, சிவப்புக்கொடி, விசில் எல்லாம் தயார் நிலையில் இருந்தன.

"தம்பி, யாழ்ப்பாணத்தின்ரை முதல் ரோபோ. சும்மா கிணத்தடியிலை சத்தமில்லாமல் ஓடவிடுறதே? தேருக்கு வெள்ளோட்டம் விடுறமெல்லோ?"

"வேண்டாம் மாஸ்டர். சேர் வந்து அளந்துகொண்டு போவார். அவ்வளவுதான்."

"நீ சின்னப்பிள்ளை. உனக்கு விளங்காது. நோட்டீஸ் அடிச்சாச்சு."

நோட்டீசும் கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அடிக்கப்பட்டிருந்தது. 'ரோபோ வெள்ளோட்டப் பெருவிழா'. காலை ஒன்பது மணிக்குத் தொடக்கம்; ராகு காலத்துக்கு முன், பத்து இருபத்தெட்டுக்குச் சுபவேளையில் இயக்கம். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை, நன்றியுரை.

சின்னத்துரையும் நோட்டீசைப் பார்த்தான். "மெசின் வந்திட்டுதாமே," என்று செல்வநாயகியிடம் சொல்லிவிட்டுச் சாவகச்சேரிப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டான். ரோபோ ஓடத் தொடங்குவதற்கு முன்னரே செய்து முடித்த ஒரே வேலை அது.

வெள்ளிக்கிழமை விடியக்காலை ஆறு மணிக்குக் கோப்பாய் பக்திப் பாடலோடு எழும்பியது. மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்கும் ஒலிபெருக்கி. குகதாசன் பல்லுத் தீட்டிக்கொண்டே கேட்டான். நல்ல குரல் என்றுகூட நினைத்தான். குளித்து, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த சாம்பல் நிறக் காற்சட்டையை, தனக்கு இடுப்பில் கொஞ்சம் இறுக்கமானாலும், மூச்சை உள்ளிழுத்துப் போட்டுக்கொண்டு, எட்டரைக்குக் கிணற்றடிக்குப் போனான்.

பிஸ்கற் தகரம் இருந்தது. மோட்டர் இருந்தது. பற்றறி இருந்த இடத்தில் நீள்சதுரமான ஈரம் இருந்தது.

பாடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியின் வயரைத் தொடர்ந்து போனான். அது பந்தலுக்குள், மேடைக்குக் கீழே, ஒலிபெருக்கிப் பெட்டியின் பின்பக்கத்தில் பூட்டியிருந்த பற்றறியில் போய் முடிந்தது.

"மாஸ்டர், உது என்ரை பற்றறி."

"ஓம் தம்பி, உன்ரைதான். நல்ல பற்றறி. காலமை ஆறு மணிதொட்டு ஒரு கரகரப்பு இல்லை."

"அதைக் கழட்டோணும். இப்பவே. அதிலை இருபத்திரண்டு பட்டைக்குத்தான் கறண்ட் இருக்கு."

"பிறகு பேச்சு எப்பிடிக் கேக்கிறது? சனம் கடைசி வரிசை வரைக்கும் இருக்கு."

"மெசின் ஓடாது மாஸ்டர்."

"எல்லாம் ஓடும். அஞ்சு நிமிசம். வரவேற்புரை முடியக் கழட்டித் தாறன்," என்ற நடராசா அவன் கழுத்தில் ஒரு செவ்வந்தி மாலையைப் போட்டு, தோளில் கைவைத்து, மேடையில் நடுக் கதிரையில் அமத்தி இருத்தினார். அந்தக் கணத்தில் தியாகராசாவும் வந்து இறங்கினார். நாதஸ்வரம் தொடங்கியது. மாலை போட்ட மனிதன் மேடையிலிருந்து இறங்கி வயர் கழற்றுவது எப்படி என்று அந்தப் புத்தகத்தின் இருந்த பக்கங்களிலும் இல்லை.

வரவேற்புரை அரை மணித்தியாலம் போனது. குகதாசன் ஒலிபெருக்கிப் பெட்டியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடப் பேச்சுக்குப் பட்டையில் எவ்வளவு என்று மனத்துக்குள் கணக்கிட்டான். விடியக்காலைப் பாடல்கள் பன்னிரண்டு பட்டை. வரவேற்புரை இரண்டு. தலைமையுரையில் நடராசா இலங்கைப் புகையிரத சேவையின் வரலாற்றை எடுத்தார். காங்கேசன்துறையை அடைவதற்கு இரண்டு பட்டை செலவானது. ஆசியுரையின்போது குகதாசன் கையை உயர்த்திச் சைகை காட்டினான். நடராசா புரிந்துகொண்டு தலையசைத்து, ஒரு சோடாவை உடைத்து அனுப்பிவைத்தார்.

தியாகராசா எழும்பினார்.

"நான் பேமிங்காமிலை நிக்கேக்கை..."

பதினொரு நிமிடத்தை அவர் நாற்பது நிமிடத்தில் சொன்னார். மனிதன் உடல் உழைப்பிலிருந்து விடுதலை பெறும் நாள் இது என்றார். விடுதலை என்ற இடத்தில் ஒலிபெருக்கி லேசாகக் கம்மியது. எதிர்காலம் என்ற இடத்தில் ஒருதரம் விக்கியது. 'இந்த இளம் விஞ்ஞானியின்' என்று அவர் கையை நீட்டியபோது சிவப்பு விளக்கு மங்கி, மங்கி, இல்லாமற் போனது. கடைசி வசனத்தை முன்வரிசை மட்டும் கேட்டது. பின்வரிசை சேர்த்துக் கைதட்டியது.

பத்து இருபத்தாறு. பற்றறியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குகதாசன் வயரைப் பூட்டினான். நடராசா விசில் ஊதி, மூன்று வருடத்துக்குப் பிறகு பச்சைக்கொடியை அசைத்தார்.

மணற்பெட்டி நகர்ந்தது.

சனம் ஓவென்றது. பெட்டி கிணற்றை நோக்கி ஓர் அடி வந்தது. பட்டை கிணற்றுக்குள் கொஞ்சம் இறங்கியது. பிறகு இன்னும் அரை அடி. மோட்டர் பசித்த பிள்ளைபோல் ஒரு சத்தம் போட்டது. நின்றது. பட்டை, பாதிக் கிணற்றில், தண்ணீரைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

நடராசா என்ன செய்வதென்று தெரியாமல் சிவப்புக்கொடியைக் காட்டினார்.

"முடிஞ்சுதோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "நன்றியுரை இருக்கு," என்று இன்னொரு குரல் பதில் சொன்னது.

"சேர்," என்றான் குகதாசன். "ஒன்பது நாள் தாருங்கோ. திருப்பி மின்னேத்தினால்..."

"பதிவு முடிய ஆறு நாள்தான் இருக்கு தம்பி," என்றார் தியாகராசா, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு.

குகதாசன் துலாவைப் பார்த்தான். இரண்டு புள்ளி நினைவுக்கு வந்தது. அப்போதும் இப்படித்தான், கொஞ்சத்தில்.

இவ்வளவு நேரமும் ஒரு மூலையில் நின்ற ஏரம்பு துலாவடிக்கு வந்து, மணற்பெட்டியை இரண்டு கையாலும் இழுத்து நிலத்தில் போட்டார். தண்டவாளத்தை உதைத்துக் கழற்றினார். வெயில் ஏறியிருந்தது.

"வெங்காயம் ரண்டு நாளாத் தண்ணி காணேல்லை. சின்னத்துரையும் இல்லை. ஏறு தம்பி."

"அப்பா, சனம் நிக்குது."

"சனத்துக்கு நான் தண்ணி விடேல்லை. ஏறு."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் குகதாசன் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். சப்பாத்தைக் கழற்றினான். காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்தான். மாலையைக் கழற்ற மறந்து, துலாவில் ஏறினான்.

"முன்னுக்கு," என்றார் ஏரம்பு. "இன்னும். இன்னும். நில். பின்னுக்குப் போ. மெல்ல."

முதலாவது பட்டையில் பாதித் தண்ணீர் சிந்தியது. இரண்டாவதில் திரும்பும் இடம் கால்களுக்குப் புரிந்தது. கரத்தின் முனைக்கு வருமுன்னமே பாரம் வேகத்தைக் குறைக்கவேண்டும். அவனுடைய சமன்பாட்டில் அது முனைக்கு வந்த பிறகுதான் குறைந்தது. மூன்று வருடமாகக் கணக்கு ஏன் வெடித்துச் சிதறியது என்பதை நாலாவது பட்டையில் கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததில் அவனுக்கு ஒரு சந்தோசமும் ஏற்படவில்லை.

சனம் தேத்தண்ணிப் பக்கம் கலைந்தது. தியாகராசா மட்டும் போகவில்லை. வாய்க்கால் வரம்பில் தோளிலிருந்த சால்வையை விரித்து உட்கார்ந்து, கொப்பியை எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்து எழுதத் தொடங்கியிருந்தார்.

"என்ன சேர் எழுதுறியள்?" என்று துலாவின் மேலிருந்து கேட்டான் குகதாசன்.

"அளவீடு. நீ கதையாமல் நட. அஞ்சு முடிஞ்சுது."

"சேர், இது நான்."

"நகருதோ இல்லையோ?"

"நகருது."

"எதிர்த்திணிவோ?"

"ஓம், ஆனால்..."

"சுமை ஏறி இறங்குது. கட்டளைக்கு நிக்குது, திரும்புது. பிறகென்ன?"

"இது பொய் சேர்."

"பொய்யில்லை. எளிமைப்படுத்தல். பௌதிகம் படிச்சனி, உராய்வு இல்லையெண்டு எத்தினை தரம் எழுதியிருப்பாய்? ஆரும் உன்னைப் பொய்யன் எண்டவையே?" தியாகராசா பேனையை உதறினார். இதுவரைக்கும் அவருக்குக் கீழ் ஒரு மாணவனும் பட்டம் பெற்றதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. "நட தம்பி. நான் வள்ளத்துக்குப் போறவன்."

"உங்கை என்ன கதை?" என்று ஏரம்பு கீழிருந்து கேட்டார். "முன்னுக்குப் போ."

குகதாசன் முன்னுக்குப் போனான்.

எட்டாவது பட்டையோடு அவன் திடீரென்று நின்றுவிட்டான். ஏரம்பு கூப்பிட்டும் அசையவில்லை. பாலேஸ்வரியைக் கிட்ட வரச்சொல்லி ஏதோ சொன்னான். அவள் வீட்டுக்கு ஓடிப்போய் இடுப்பில் கட்ட ஒரு சாரம் கொண்டுவந்தாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் அதை மேலே எறிந்தாள். நாலு நிமிடத்துக்குப் பிறகு, சாரமும் செவ்வந்தி மாலையுமாக, மிச்சப் பன்னிரண்டு பட்டையையும் நடந்து முடித்தான். இருபது. வெங்காயம் நனைந்தது. தியாகராசா அந்த இடத்திலேயே, வரம்பில் வைத்து, கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசில், இரண்டு வெங்காயச் சாக்குக்கு நடுவே ஏறி நின்று குகதாசன் தன் நிறையைப் பார்த்தான். மிச்சப் பக்கங்களை ஐந்து நாளில் எழுதினான். இவ்வளவு வேகமாக அவன் எதையும் எழுதியதில்லை. முதன்முறையாக எழுதுவதற்கு ஏதோ இருந்தது.

ஆய்வேடு கப்பலில் கொழும்பு போய், அங்கிருந்து வெளிநாட்டுப் பரீட்சகர் ஒருவரிடம் போய், 1994 ஆனியில் அறிக்கை திரும்பி வந்தது. குரல்வழிக் கட்டளைக்குக் கரம் காட்டும் பணிவு, தாம் அறிந்த எந்த ஆய்வுகூடத்திலும் காணாதது என்று பரீட்சகர் எழுதியிருந்தார். திரும்பும் இடத்துக்கு முன்னர் வேகத்தைக் குறைக்கும் உபாயம் புதியது என்று பாராட்டியிருந்தார். ஐம்பத்துநாலு கிலோ எதிர்த்திணிவு எந்தப் பொருளால் ஆனது என்று அவர் கேட்கவில்லை. பட்டம் வழங்கலாம் என்று சிபாரிசு செய்து, ஒரேயொரு விளக்கம் மட்டும் கோரியிருந்தார். எட்டாவது சுழற்சிக்குப் பின் நாலு நிமிடத் தாமதம் காணப்படுகிறதே, அதன் காரணம் என்ன?

குகதாசன் மூன்று நாள் யோசித்து, 'வெளிக் கட்டமைப்பில் ஏற்பட்ட எதிர்பாராத பிளவு. உடனே சீர்செய்யப்பட்டது' என்று பதில் எழுதினான்.

காற்சட்டை பின்பக்கத்தால் கிழிந்திருந்தது.